ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகணுமா? படிப்பு, கிளினிக், லைசென்ஸ் பத்தி எங்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

நான் பேச்சு-மொழி சிகிச்சைல முதுகலை முடிச்சு வேலை பாக்கறேன், கொஞ்ச வருஷமா ஸ்டூடண்ட்ஸையும் சூப்பர்வைஸ் பண்றேன். இதுல சேரலாமான்னு யோசிக்கறவங்க, சேந்துட்டு முழிக்கறவங்க, அவங்களப் பெத்தவங்கன்னு எல்லாரும் கேக்கறது சுத்திச் சுத்தி அதே கேள்விங்கதான். தனித்தனியா டைப் பண்ணி விரல் தேஞ்சுபோச்சு, அதனால ஒரே இடத்துல போட்டுடறேன். விதிமுறை நாட்டுக்கு நாடு வேற, அதே நாட்டுலயே அப்பப்ப மாத்துவாங்க, அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடி நம்பர் எல்லாத்தையும் ஒரு தடவ நீங்களே சரிபாத்துக்கோங்க.

ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பீச் லாங்வேஜ் பேத்தாலஜிஸ்ட், ஆடியாலஜிஸ்ட் எல்லாம் ஒண்ணுதானா?

முதல் ரெண்டும் ஒண்ணுதான், ஊருக்கு ஒரு பேரு. அமெரிக்கா, கனடா, இந்தியால ஸ்பீச் லாங்வேஜ் பேத்தாலஜிஸ்ட்டும்பாங்க, பிரிட்டன்ல ஸ்பீச் அண்ட் லாங்வேஜ் தெரபிஸ்ட், ஆஸ்திரேலியால ஸ்பீச் பேத்தாலஜிஸ்ட். ஆடியாலஜிஸ்ட் வேற ஆளு, காது, கேக்கற திறன், ஹியரிங் எய்ட், பேலன்ஸ் இதெல்லாம் அவங்க பாக்கறது. இந்தியால இளங்கலைல ரெண்டையும் சேத்தே படிக்கணும், முதுகலை போனாதான் வழி பிரியும்.

திக்குவாயும் மழலையும் சரிபண்றதுக்கா இவ்ளோ வருஷம் படிக்கணும்?

எங்க சித்தப்பா இன்னிக்கு வரைக்கும் "அ, ஆ சொல்லித்தர எதுக்கும்மா முதுகலை"ன்னுதான் கேப்பாரு. அவரச் சொல்லி குத்தமில்ல, வெளில இருந்து பாத்தா அவ்ளோதான் தெரியும்.

உள்ள வந்தா, ஸ்ட்ரோக் வந்து "தண்ணி"ங்கற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து வெளில வராம தவிக்கறவரு, கேன்சர்னால குரல்வளையவே எடுத்துட்டதால புதுசா ஒரு வழில பேசக் கத்துக்கறவரு, பார்க்கின்சன்ல குரல் தேஞ்சு தேஞ்சு பக்கத்துல இருக்கறவங்களுக்கே கேக்காம போனவங்க, அன்னப்பிளவு ஆபரேஷன் முடிஞ்ச குழந்தை, தலைல அடிபட்டு நாலு வேலைய வரிசையா செய்ய முடியாம போன காலேஜ் பையன், பேச்சே வராத பிள்ளைக்கு படத்த தொட்டா பேசற டேப்லெட் செட் பண்றது, குறைமாசத்துல பொறந்து பால் உறிஞ்சவும் மூச்சு விடவும் சேத்து செய்யத் தெரியாத சிசு, இவ்ளோ பேரும் எங்க கேஸ்தான். ஆஷான்னு சுருக்கமா சொல்ற அமெரிக்க பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் இத ஒன்பது ஏரியாவா பிரிச்சு வெச்சிருக்கு, ஒன்பதுலயும் உங்களுக்கு அறிவு இருக்கணும்னு கேக்குது. அதுல சேர்ற பசங்க யாருமே எதிர்பாக்காத ஒண்ணு விழுங்கறது. பேச்சு படிக்க வந்தா எதுக்கு தொண்டைல சோறு இறங்கறத பாக்கச் சொல்றாங்கன்னு முதல் செமஸ்டர்ல எல்லார் மூஞ்சிலயும் ஒரு குழப்பம் தெரியும். பேசறதுக்கும் விழுங்கறதுக்கும் நாக்கு, அண்ணம், குரல்வளைன்னு ஒரே உறுப்புங்கதான், அதனால அந்த வேலையும் நம்ம தலைல வந்து விழுந்துருச்சு.

வேலைக்குப் போக எந்த டிகிரி வேணும்?

அமெரிக்காலயும் கனடாலயும் முதுகலை கட்டாயம், பொதுவா ரெண்டு வருஷம். பிரிட்டன்லயும் ஆஸ்திரேலியாலயும் இளங்கலை முடிச்சே வேலைக்குப் போகலாம், இல்லன்னா வேற டிகிரி முடிச்சுட்டு இந்தத் துறைல ரெண்டு வருஷ முதுகலை பண்ணலாம். இந்தியால நாலு வருஷ பிஏஎஸ்எல்பி, அதாவது ஆடியாலஜியும் பேச்சு-மொழி சிகிச்சையும் சேந்த இளங்கலை, அதுல கடைசி வருஷம் இன்டர்ன்ஷிப், அது முடிச்சு இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, அதாங்க ஆர்சிஐ, பதிவு பண்ணா பிராக்டிஸ் பண்ணலாம். அதுக்கு மேல ரெண்டு வருஷம் எம்எஸ்சி. ஆர்சிஐ பதிவு இல்லாம போர்டு மாட்றது 1992 சட்டப்படி தப்பு. மூணு மாச சர்டிஃபிகேட் கோர்ஸ் முடிச்சா ஸ்பீச் தெரபிஸ்ட்னு விளம்பரம் பாத்து ஏமாந்தவங்க என்கிட்டயே வந்திருக்காங்க, அதனாலதான் அழுத்திச் சொல்றேன்.

நான் யூஜில வேற சப்ஜெக்ட், இப்ப மாற முடியுமா?

நாட்டப் பொறுத்தது. அமெரிக்கால முடியும், லிங்விஸ்டிக்ஸ், சைக்காலஜி, டீச்சிங், ஏன் இன்ஜினியரிங்ல இருந்தும் வந்து சேந்தவங்க இருக்காங்க. ஆனா அடிப்படை பேப்பர் சிலது முதல்ல முடிக்கணும், அதாவது பேச்சு உறுப்புகளோட உடற்கூறு, ஒலியியல், மொழி வளர்ச்சி, ஆடியாலஜி அறிமுகம் மாதிரி. அதுக்கு ஒரு வருஷம் கூட ஆகும்னு வெச்சுக்கோங்க. இது போக உயிரியல், இயற்பியல் இல்ல வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல் இந்த நாலுலயும் காலேஜ் அளவுல ஒரு பேப்பராவது படிச்சிருக்கணும்னு ஆஷா சர்டிஃபிகேட்டுக்கு விதி, புள்ளியியல மறந்துட்டு கடைசில ஓடறவங்க வருஷா வருஷம் உண்டு. இந்தியால எம்எஸ்சிக்கு இதே துறை இளங்கலை கேப்பாங்க, அதனால பிகாம் முடிச்சுட்டு நேரா எம்எஸ்சில சேரலாமான்னா சேர முடியாது.

அட்மிஷனுக்கு மார்க் மட்டும் போதுமா? அந்த எஸ்ஓபில, அதாவது ஏன் இதுல சேர விரும்பறோம்னு எழுதற கட்டுரைல, என்ன எழுதறது?

மார்க் வேணும், கூடவே ரெக்கமண்டேஷன் லெட்டர், எஸ்ஓபி, சில இடத்துல இன்டர்வியூவும் இருக்கும். ஜிஆர்இங்கற பொது நுழைவுத் தேர்வ முன்ன மாதிரி எல்லா இடத்துலயும் கேக்கறதில்ல.

எஸ்ஓபி பத்தி மனசுல பட்டத சொல்றேன். நான் படிச்சுப் பாத்ததுல பாதிக்கு மேல "சின்ன வயசுல இருந்தே பிறருக்கு உதவணும்னு ஆசை"ன்னுதான் ஆரம்பிக்குது. ஆசை யாருக்குத்தான் இல்ல. அதுக்குப் பதிலா நீங்க நேர்ல பாத்த ஒரே ஒரு விஷயத்த எழுதுங்க. ஒரு பொண்ணு எழுதியிருந்தா, அவ தாத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்தப்புறம் "ஆமா"வும் "இல்ல"யும் மாத்தி மாத்தி சொல்லிட்டே இருந்தாராம், ஆனா கோவத்துல திட்டும்போது மட்டும் வார்த்தை சுத்தமா வந்துச்சாம், அது ஏன்னு தெரியாம அவளுக்கு தூக்கம் வரலயாம். பாத்ததும் எடுத்துக்கலாம்னு தோணுச்சு. பழகிப்போன திட்டு, எண்ணிக்கை, பாட்டு இதெல்லாம் தானா வர்ற பேச்சு, யோசிச்சு தேடி எடுக்கற வார்த்தை போனாலும் அது நிக்கும். அவளுக்கு அந்த விளக்கம் தெரியாது. ஆனா அவ அத கவனிச்சிருக்கா, அதுதான் எங்களுக்கு வேணும்.

என்னென்ன பாடம், எது ரொம்பக் கஷ்டம்?

பேச்சு ஒலிக் குறைபாடு, குழந்தைங்க மொழி, அஃபேசியா (ஸ்ட்ரோக் மாதிரி மூளை பாதிப்பால மொழி போறது), திக்கல், குரல், விழுங்கல், மாற்றுவழித் தொடர்பு, ஆராய்ச்சி முறைன்னு போகும். கஷ்டம்னா எல்லாரும் கைய காட்டறது நியூரோ.

பயந்துக்காதீங்க, ஆனா மனப்பாடம் பண்ணி தப்பிக்கலாம்னும் நெனைக்காதீங்க. மூளை நரம்பு 12 ஜோடில நமக்கு ரொம்ப வேண்டியது 5, 7, 9, 10, 12. நாக்கோட தசை எல்லாத்துக்கும் 12வது நரம்பு, ஒரே ஒரு தசை மட்டும் 10வதுக்குப் போகும், எக்ஸாம்ல அத கேக்காம விடவே மாட்டாங்க. அந்த 10வது நரம்போட ஒரு கிளை இடது பக்கம் நேரா குரல்வளைக்குப் போகாம நெஞ்சுக்குள்ள இறங்கி பெருந்தமனிய சுத்திட்டு திரும்ப மேல ஏறி வருது. இத படிக்கும்போது எவன் டிசைன் பண்ணான்னு சிரிச்சோம். அப்புறம் பிளேஸ்மென்ட்ல, அதாவது படிக்கும்போதே ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு போய் எடுக்கற பயிற்சில, இதய ஆபரேஷன் முடிஞ்ச ஒருத்தர் காத்து மாதிரி குரல்ல பேசினாரு, "நெஞ்சுலதானம்மா வெட்டினாங்க, குரல் எப்படி போகும்"னு கேட்டாரு, அப்பதான் அந்தப் படம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் மறக்கவே இல்ல.

சரித்திரமும் கொஞ்சம் வரும். 1861ல பால் ப்ரோகா பாத்த நோயாளி "டான்"ங்கற ஒரே அசைய மட்டும்தான் சொல்லுவாரு, ஆனா மத்தவங்க பேசறது பெரும்பாலும் புரியும், அவர் இறந்தப்புறம் மூளைய பாத்தா இடது முன்பகுதில சேதம். 1874ல கார்ல் வெர்னிக்கி அதுக்கு நேர் எதிரா, சரளமா பேசுவாங்க ஆனா அர்த்தம் சேராது, கேக்கறதும் புரியாதுங்கற மாதிரி கேஸ விவரிச்சாரு.

என்ன கேட்டா நெஜமான கஷ்டம் ஒலிக்குறி எழுதறதுல. சர்வதேச ஒலிக்குறி வெச்சு, பிள்ளை என்ன சொல்லுச்சோ அத அப்படியே எழுதணும். நம்ம மூளை பாருங்க, பிள்ளை தப்பா சொன்னாலும் சரியா சொன்னதாவே காதுல போட்டுடும். அந்தப் பழக்கத்த ஒடைக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

கிளினிக்கல் ஹவர்ஸ்னா என்ன? 400 மணி நேரம்னு சொல்றாங்களே, ரெண்டு மாசத்துல முடிஞ்சிடாதா?

கணக்குல முடிஞ்சிடும், வாழ்க்கைல முடியாது. ஆஷா விதிப்படி மொத்தம் 400 மணி, அதுல 25 மணி சும்மா உக்காந்து பாக்கறது, மீதி 375 நீங்களே பேஷண்ட்டோட நேர்ல செய்றது. இதுல ஒரு பங்க, அதிகபட்சம் 75 மணி வரைக்கும், கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல எடுத்துக்க விடறாங்க. ரிப்போர்ட் எழுதற நேரம், மெட்டீரியல் ரெடி பண்ற நேரம், பஸ்ல போற நேரம் எதுவுமே கணக்குல சேராது. அரை மணி செஷனுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் பிளான், முடிஞ்சப்புறம் ஒரு மணி நேரம் நோட்ஸ்னு முதல் செமஸ்டர் அப்படித்தான் போகும். பிள்ளைக்கு ஜுரம்னு ஃபோன் வந்துச்சுன்னா அந்த அரை மணியும் போச்சு. சின்னவங்க, பெரியவங்க, பல வகைக் குறைபாடுன்னு கலந்து பாக்கணும், ஒரே ஸ்கூல்ல உக்காந்து 375ம் முடிச்சுட்டு வர முடியாது.

சூப்பர்வைசர் ஒவ்வொரு பேஷண்ட்டோடயும் நீங்க இருக்கற நேரத்துல குறைஞ்சது கால்வாசியாவது நேரடியா பாக்கணும்னும் விதி இருக்கு. சிலருக்கு இது பயம். எனக்கு முதல் மாசம் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாடி ஆள் இருக்காங்கன்னு நெனச்சாலே கை வேர்க்கும்.

முதல் செஷன் எப்படி இருக்கும்?

என்னோடத சொல்றேன், அடையாளம் தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்தி.

அஞ்சு வயசுப் பையன். க சொல்ல வேண்டிய இடத்துலெல்லாம் த சொல்லுவான். பின் நாக்கு மேல எழும்ப வேண்டிய ஒலிக்கு நுனி நாக்கு போய் பல்லுகிட்ட நிக்குது, சின்னப் பிள்ளைங்கள்ட்ட சகஜம், பொதுவா மூணரை வயசு வாக்குல போயிடும், இவனுக்குப் போகல. காக்கா படத்த காட்டினா "தாத்தா"ம்பான். நான் நாப்பது கார்டு, ரெண்டு பொம்மை, ஒரு ஸ்டிக்கர் ஷீட்டோட போயிருந்தேன். "இது என்ன கண்ணா? பறக்குமே, கருப்பா இருக்குமே, கா...? கா...? சொல்லு பாப்போம், சூப்பர், அடுத்தது?" அரை மணி நேரமும் இப்படியே. வெளில வந்தப்ப கலக்கிட்டோம்னு ஒரு நெனப்பு.

சூப்பர்வைசர் மேடம் ஒண்ணும் சொல்லல, ஒரு பேப்பர நீட்டினாங்க. நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் "நீ", அந்தப் பக்கம் "அவன்", யார் எத்தன தடவ பேசினாங்கன்னு குச்சி குச்சியா போட்டிருந்தாங்க. என் பக்கம் இடமே பத்தாம பின்னாடி திருப்பி எழுதியிருந்தாங்க. அவன் பக்கம் 11 குச்சி.

"அடுத்த செஷன்ல கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணு, அதுவரைக்கும் வாயத் திறக்காத"ன்னு மட்டும் சொன்னாங்க. செஞ்சு பாருங்க, அந்தப் பத்து எண்றது எவ்ளோ நீளம்னு தெரியும். மூணுல தொண்டை அரிக்கும், அஞ்சுல உதவி பண்ணிடலாமான்னு இருக்கும். அவன் ஏழுல வாயத் திறந்தான். அதுவும் கார்ட பாத்து இல்ல, ஜன்னலுக்கு வெளில என்னத்தையோ காட்டி ரெண்டு வாக்கியம் பேசினான், எனக்கு அன்னிக்கு வேணுங்கற அத்தன ஒலியும் அந்த ரெண்டு வாக்கியத்துல இருந்துச்சு. இப்ப என் ஸ்டூடண்ட்ஸுக்கும் அதே கோடு போட்ட பேப்பர்தான், முதல் நாள் பேப்பர பாத்து அழுதவங்களும் உண்டு.

தெரபின்னா சொல்லு சொல்லுன்னு சொல்ல வைக்கறதுதானே?

ஒலியே வராத பிள்ளைக்கு முதல்ல வர வைக்கணும்தான், நுனி நாக்க ஸ்பாட்டுலா வெச்சு லேசா அமுக்கிப் பிடிச்சா பின் நாக்கு மேல போகும், கொப்பளிக்கற மாதிரி தொண்டைல சத்தம் பண்ணச் சொல்லியும் வர வைக்கலாம். ஆனா அது பாதிக் கிணறு.

அந்தப் பையனுக்கு நாங்க செஞ்சது, மேசைல காக்கா கார்டு ஒண்ணு, தாத்தா கார்டு ஒண்ணு, இவ்ளோதான். நீ கேக்கறத நான் தருவேன். அவன் காக்கா வேணும்னு நெனச்சு "தாத்தா"ம்பான், நான் தாத்தா கார்ட எடுத்துக் குடுப்பேன். அவன் மூஞ்சி போற போக்க பாக்கணும். திரும்பக் கேப்பான், திரும்ப தாத்தா. தான் சொன்னதுக்கும் நெனச்சதுக்கும் நடுவுல ஏதோ இடிக்குதுன்னு அவனுக்கே உறைக்கணும், அந்த எரிச்சல்தான் மருந்து. இப்படி ஒரே ஒரு ஒலி மாறினா அர்த்தமே மாறிப்போற ஜோடி வார்த்தைய வெச்சு வேலை பாக்கறது எங்க துறைல ரொம்பப் பழைய முறை. இந்த ஜோடி எந்த இங்கிலீஷ் பாடப்புத்தகத்துலயும் கிடைக்காது, நம்ம மொழில நாமதான் தேடணும்.

தமிழ் பேசற பிள்ளைக்கு இங்கிலீஷ் டெஸ்ட் போட்டா சரியா வருமா? ரெண்டு மொழி பேசினா பேச்சு லேட்டாகுமா?

ரெண்டாவதுக்கு முதல்ல: ஆகாது. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால மொழிக் குறைபாடு வர்றதில்ல. வீட்டு மொழிய நிறுத்துங்கன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, பிள்ளைக்கும் பாட்டிக்கும் நடுவுல இருக்கற ஒரே கயிறு அறுந்து போறதுதான் மிச்சம்.

டெஸ்ட் விஷயத்துல வித்தியாசம் வேற, குறைபாடு வேறன்னு ஒரு முழுப் பாடமே இருக்கு. ஒரு மொழி பேசற பிள்ளைங்கள வெச்சு மார்க் நிர்ணயம் பண்ண டெஸ்ட்ட மொழிபெயர்த்து இன்னொரு மொழிப் பிள்ளைக்குப் போட்டு அந்த மார்க்க அப்படியே எடுத்துக்கக் கூடாது. ழ வராம "வாளப்பளம்"னு சொல்ற பிள்ளைய அனுப்பினா, முதல்ல அந்த வீட்டுல பெரியவங்க எப்படிச் சொல்றாங்கன்னு கேளுங்க. அவங்களும் ள தான்னா அது வட்டார வழக்கு, தெரபிக்கு வேலையே இல்ல.

எனக்கே திக்கும். நான் இந்தப் படிப்பு படிக்கலாமா?

தாராளமா. இந்தத் துறைக்கு அமெரிக்கால அடித்தளம் போட்டவங்கள்ல வென்டல் ஜான்சன், சார்லஸ் வான் ரைப்பர் ரெண்டு பேருக்குமே திக்கும். பேஷண்ட் முன்னாடி திக்கினா என்ன நெனைப்பாங்கன்னு ஒரு ஸ்டூடண்ட் பயந்தான், அவன் ரூமுக்குள்ள போய் முதல் வாக்கியத்துலயே திக்கினான், எதிர்ல இருந்த பதினாலு வயசுப் பையன் அப்பதான் நிமிந்து உக்காந்தான்.

ஜான்சன் பேரு வந்ததால இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். 1939ல அயோவா பல்கலைக்கழகத்துல அவர் வழிகாட்டல்ல மேரி டியூடர்ங்கற முதுகலை மாணவி, அனாதை இல்லப் பிள்ளைங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, சரளமா பேசற பிள்ளைங்கள்ட்டயே "உனக்கு திக்குது"ன்னு சொல்லிச் சொல்லி என்ன ஆகுதுன்னு பாத்தாங்க. சில பிள்ளைங்க பேசவே கூசி ஒடுங்கிப் போனாங்க. பல்கலைக்கழகம் மன்னிப்பு கேட்டது 2001ல. ஆராய்ச்சி அறம் பேப்பர்ல இத சொன்னா கிளாஸே அமைதியாயிடும்.

ஆஸ்பத்திரி பிளேஸ்மென்ட் எப்படி இருக்கும்?

ஸ்கூல் பிளேஸ்மென்ட்டுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஸ்கூல்ல பிள்ளைக்கு ஒரு வருஷம் டைம் இருக்கும், இங்க டாக்டர் வந்து "இவருக்கு வாய் வழியா குடுக்கலாமா"ன்னு இன்னிக்கே பதில் கேப்பாரு.

ஸ்ட்ரோக் வார்டுல ஒரு அம்மா. கட்டில் பக்கத்துல ஸ்பூன்ல தண்ணி குடுத்துப் பாத்தோம், இருமல, குரல் மாறல, முகமும் தெளிவு. நான் ஓகேன்னு நோட்ஸ் எழுதவே ஆரம்பிச்சுட்டேன். சூப்பர்வைசர் எதுக்கும் எக்ஸ்ரே வீடியோ பாத்துடலாம்னாங்க. பேரியம் கலந்தத குடிக்க வெச்சு எடுக்கறது அது. ஸ்க்ரீன்ல கருப்பா இறங்கின பேரியம், உணவுக்குழாய்க்குப் போறதுக்குப் பதிலா மெல்லிசா ஒரு கோடு மூச்சுக்குழாய்க்குள்ள இறங்குது, அந்தம்மா இருமவே இல்ல, சும்மா எங்களப் பாத்து சிரிச்சுட்டு உக்காந்திருக்காங்க. சத்தமில்லாம உள்ள போறதுன்னு புத்தகத்துல படிச்சது அதுதான், நுரையீரல்ல நிமோனியா வரைக்கும் கொண்டு போகும். அந்த நோட்ஸ நான் கிழிச்சுப் போட்டேன்.

மூக்கு வழியா மெல்லிய கேமரா விட்டுப் பாக்கற முறையும் இருக்கு. பானம், சாப்பாட்டோட கெட்டித்தன்மைய 0ல இருந்து 7 வரைக்கும் லெவல் பிரிச்சிருக்கற சர்வதேச அளவுகோல் ஒண்ணு இருக்கு, 0ன்னா சாதாத் தண்ணி, 7ன்னா வழக்கமான சாப்பாடு. அத பிளேஸ்மென்ட்டுக்கு முன்னாடியே கைக்குள்ள வெச்சுக்கோங்க. தாடைய கீழ இறக்கி விழுங்கச் சொல்றது எல்லாருக்கும் பொருந்தும்னு நெனச்சிடாதீங்க, ஒருத்தருக்கு காப்பாத்தறது இன்னொருத்தருக்கு உதவாது.

அஃபேசியா பேஷண்ட்கிட்ட எப்படிப் பேசறது? வார்த்தை எடுத்துக் குடுக்கலாமா?

அதே பத்து எண்ற கதைதான், இங்க சிலருக்கு பதினஞ்சு, இருபது கூட. வீட்டுக்காரங்க பாசத்துல வாக்கியத்த முடிச்சு வெச்சுடுவாங்க, அவரு "நான் நேத்து..."ன்னு ஆரம்பிச்சா "ஆமா டாக்டர், நேத்து பையன் வந்தான்"னு பக்கத்துல இருந்து வரும். அவரு சொல்ல வந்தது வேறயா இருக்கும். கேட்டுட்டு, காத்திருந்து, வேணும்னா "எழுதிக் காட்டறீங்களா, கைய காட்டறீங்களா"ன்னு வழி குடுங்க. குழந்தைகிட்ட பேசற குரல்ல மட்டும் பேசாதீங்க, வார்த்தைதான் போச்சு, அறிவு அங்கேயேதான் இருக்கு.

ஆன்லைன்ல முதுகலை படிக்கலாமா?

தியரி ஆன்லைன்ல இருக்கற அங்கீகாரம் பெற்ற கோர்ஸ் உண்டு, கிளினிக் நேர்லதான். நீங்க வேலை பாக்கப் போற இடத்தோட லைசென்ஸ் போர்டு அத ஏத்துக்குமான்னு ஃபீஸ் கட்றதுக்கு முன்னாடி எழுதிக் கேட்டு பதில பத்திரமா வெச்சுக்கோங்க. பிளேஸ்மென்ட் இடத்த அவங்க பிடிச்சுத் தருவாங்களா நீங்களே அலையணுமாங்கறதும் முக்கியம், அலையணும்னா யோசிங்க.

தீசிஸ் கட்டாயமா?

இடத்தப் பொறுத்தது. பிஎச்டி எண்ணம் இருந்தா பண்ணுங்க, இல்லன்னா அந்த நேரத்துக்கு இன்னொரு பிளேஸ்மென்ட் கிடைக்குதான்னு பாருங்க.

படிப்பு முடிஞ்ச உடனே தனியா பிராக்டிஸ் ஆரம்பிக்கலாமா?

அமெரிக்கால முடியாது. பிராக்ஸிஸ்னு ஒரு பொதுத் தேர்வு, 100ல இருந்து 200 வரைக்கும் போற ஸ்கேல்ல ஆஷாவுக்கு 162 வேணும். அப்புறம் கிளினிக்கல் ஃபெலோஷிப், குறைஞ்சது 36 வாரம், 1260 மணி நேரம், சம்பளத்தோட வேலைதான் ஆனா ஒரு சீனியர் மேற்பார்வைல. அதுக்கப்புறம் சர்டிஃபிகேட், மாநில லைசென்ஸ் தனி. சர்டிஃபிகேட்ட தக்கவெச்சுக்க மூணு வருஷத்துக்கு 30 மணி தொடர்கல்வியும் முடிக்கணும். பிரிட்டன்ல எச்சிபிசிங்கற சுகாதாரத் தொழில் பதிவு அமைப்புல பதிவு பண்ணாம ஸ்பீச் அண்ட் லாங்வேஜ் தெரபிஸ்ட்ங்கற பேரப் போட்டுக்கவே கூடாது.

விதி அனுமதிச்சாலும் முதல் வருஷம் தனியா உக்காராதீங்கன்னுதான் சொல்லுவேன். சந்தேகம் வந்தா எட்டிப்பாத்து கேக்க பக்கத்து ரூம்ல ஒரு ஆள் வேணும், எனக்கு அந்த ஒரு வருஷத்துல வந்த சந்தேகம் மொத்தப் படிப்புலயும் வரல.

ஒரு நாட்டுல படிச்சா இன்னொரு நாட்டுல செல்லுமா?

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆறு நாட்டுச் சங்கங்களுக்குள்ள ஒரு பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் இருக்கு. அது டிகிரிய ஏத்துக்கறதில்ல, சங்க சர்டிஃபிகேட்டத்தான் ஏத்துக்குது, அதுலயும் நிபந்தனை உண்டு, லைசென்ஸும் விசாவும் தனி. இந்தியா அதுல கிடையாது, அதனால இங்க படிச்சு வெளில போறவங்க பாடத்திட்டம், கிளினிக்கல் மணிக் கணக்கு எல்லாத்தையும் காட்டி தனியா மதிப்பீடு பண்ண வைக்கணும். கையெழுத்து போட்ட லாக் புக்க தூக்கிப் போட்டுடாதீங்க, பத்து வருஷம் கழிச்சு காலேஜுக்குப் போய் கேட்டா அங்க யாருக்கும் உங்களத் தெரியாது.

மனசு தாங்குமா?

எழுத்து வேலைதான் முதல்ல கொல்லும், ரிப்போர்ட், தெரபி இலக்கு, முன்னேற்றக் கணக்கு, அது முடிவே இல்லாம வரும். மனசுக்குன்னு பாத்தா, சரியாகிற கேஸ் ஒரு பக்கம், சரியே ஆகாத கேஸ் இன்னொரு பக்கம். ஏஎல்எஸ் மாதிரி, தசைய இயக்கற நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போற நோய்ல பேச்சு பெரும்பாலும் போகப்போகுதுன்னு தெரியும், போறதுக்கு முன்னாடி அவங்க குரலயே பதிவு பண்ணி வெச்சு பின்னாடி மெஷின்ல அந்தக் குரல்லயே பேச வைக்கறது எங்க வேலைல ஒண்ணு. ஒருத்தர் பதிவு பண்ண உக்காந்தப்ப நாங்க குடுத்த லிஸ்ட்ட ஒதுக்கி வெச்சுட்டு, முதல்ல நாய் பேர சொல்லிக் கூப்பிட்டாரு, நாலஞ்சு விதமா, செல்லமா, அதட்டலா. அன்னிக்கு நோட்ஸ் எழுத எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு.

சேர்றதுக்கு முன்னாடி இப்பவே என்ன பண்ணலாம்?

அனுமதி வாங்கி ரெண்டு மூணு இடத்துல உக்காந்து பாருங்க, ஒரு ஸ்கூல், ஒரு ஆஸ்பத்திரி கண்டிப்பா. வீட்டுல யாராவது பேசறத அவங்க சம்மதத்தோட ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி, "ம்", "அது வந்து", பாதில விட்டது, திரும்பச் சொன்னது எல்லாத்தையும் விடாம அப்படியே எழுதிப் பாருங்க. ஒரு நிமிஷப் பேச்சுக்கு அரை மணி நேரம் போகும். அது போரடிச்சுதுன்னா வேற படிப்பு யோசிக்கலாம், சுவாரசியமா இருந்துச்சுன்னா வாங்க.

அந்த காக்கா பையன் என்ன ஆனான்?

இந்தக் கதைய சொன்னா எல்லாரும் கடைசில இதத்தான் கேக்கறாங்க. க வந்துருச்சு. நாலு மாசம் ஆச்சு, முதல்ல தனியா வந்துச்சு, அப்புறம் வார்த்தைல, வாக்கியத்துல வர இன்னும் நாள் எடுத்துச்சு. நடுவுல ரெண்டு வாரம், புதுசா கத்துக்கிட்ட ஒலிய கண்ட இடத்துலயும் போடற கட்டம் ஒண்ணு வரும், அது அவனுக்கும் வந்துச்சு. அவன தினமும் கூட்டிட்டு வர்றது அவங்க தாத்தா, வெளில பெஞ்ச்ல பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருப்பாரு. அந்த ரெண்டு வாரத்துல ஒரு நாள் செஷன் முடிஞ்சதும் கதவத் திறந்துட்டு ஓடிப்போய் சத்தமா, சுத்தமா, "காக்கா! வீட்டுக்குப் போலாம்"னான். தாத்தா பேப்பர மடிச்சுட்டு என்னப் பாத்தாரு. நான் மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன்.